ஒரே வீட்டில் மூன்று சபை: புளியந்தோப்பில் ஞானஸ்நானம் முதல் கல்லறை வரை தொடரும் இழுபறி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை, எட்டு மணிக்கு புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை ஓரமாக நின்று பாருங்கள். யார் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று உடையை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, கழுத்தில் தாலிச் சரடு என்று ஆட்டோ பிடிப்பவர்கள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ., லுத்தரன் அல்லது கத்தோலிக்கக் குடும்பத்தினர். வெள்ளைப் புடவை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை, கையில் ஜிப் வைத்த கறுப்பு பைபிள் என்றால் பெந்தெகொஸ்தே. எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வருபவர்கள்தான். சில நேரம் ஒரே வீட்டிலிருந்து.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வடசென்னையில் இது அரிதான வீடு அல்ல. அம்மா இன்றும் பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார். மூத்த மகள் கல்யாணம் ஆன இடத்தில் சி.எஸ்.ஐ. இளைய மகள், கணவர் குடியை விட்ட நாளிலிருந்து, பக்கத்துத் தெரு மாடியில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மூவரும் ஒன்றாக உட்காருவார்கள். வீட்டில் ஒரு குழந்தை பிறந்தாலோ, கல்யாணம் வந்தாலோ, சாவு விழுந்தாலோதான் பிரச்னை தலைதூக்கும்.

உலக அளவில் சபைகளுக்குள் 'பழைமைவாதிகள்', 'தாராளவாதிகள்' என்று நடக்கும் மோதல் அடிக்கடி செய்தியாகிறது. 2025 அக்டோபரில் இங்கிலாந்துத் திருச்சபையின் கேன்டர்பரி பேராயர் பதவிக்கு முதன்முறையாக ஒரு பெண், சாரா முலாலி, அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில், ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் முன்னின்று நடத்தும் 'காஃப்கான்' அமைப்பு, கேன்டர்பரியின் தலைமையை இனி ஏற்கப்போவதில்லை என்றது. அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் சபையில், ஒருபாலின உறவு குறித்த சண்டையில் 2019 முதல் 2023 வரை ஏறக்குறைய கால்வாசி சபைகள் வெளியேறின. மீதி இருந்தவர்கள் 2024-ல் பழைய தடைகளை நீக்கினார்கள்.

இந்தக் கணக்கை வடசென்னையில் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. இங்கே பழைய சபைகள்தான் பல விஷயங்களில் தாராளம். நேற்று வந்த சபைகள்தான் கண்டிப்பு.

மூத்தது தாராளம், இளையது கண்டிப்பு

தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்தது. நாடு விடுதலை அடைந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பிரிந்து கிடந்தவர்கள் இங்கே ஒரே சபையானார்கள். பேராயர்களை ஏற்கும் மரபும் ஏற்காத மரபும் இப்படிக் கைகோத்தது அன்றைக்கு உலக கிறிஸ்தவத்துக்கே புதுசு. இங்கிலாந்தில் பழைமைவாத ஆங்கிலிக்கன்கள் முணுமுணுத்தார்கள். லுத்தரன்கள் சேரவில்லை. அமெரிக்க மெதடிஸ்ட் வழி வந்தவர்களும் தனியாகவே நின்றார்கள். வேப்பேரியில் அவர்கள் கோயில் இன்றும் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையும் 1962-65 இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பெரிதாக மாறியது. அதற்கு முன் பூசை லத்தீனில். குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி பீடத்தைப் பார்த்து நிற்பார். பிறகு எல்லாம் தமிழுக்கு வந்தது, அவரும் திரும்பி நின்றார். இதை ஏற்காதவர்களும் உண்டு. பேராயர் மார்செல் லெஃபெவ்ரே 1970-ல் தொடங்கிய பத்தாம் பத்திநாதர் சபையினர் பழைய லத்தீன் பூசையை விடவில்லை. பாளையங்கோட்டையில்கூட அவர்களுக்கு இல்லம் இருக்கிறது. கேரளத்தில் சீரோ மலபார் சபையினருக்கு, குருவானவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதே 2021 முதல் பெரும் போராட்டமாகி, எர்ணாகுளம் பசிலிக்கா பூட்டிக் கிடக்கும் அளவுக்குப் போனது. 2025 ஜூலையில்தான் ஒரு சமரசம் எட்டியது.

பெந்தெகொஸ்தே இவற்றோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளை. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருக் கூட்டங்களைத் தொடக்கம் என்பார்கள். 1905-ல் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலேயே அந்த எழுப்புதல் தொடங்கிவிட்டது என்பவர்களும் உண்டு. நம் ஊர்க்காரர்கள் இன்னும் பின்னால் போகலாம். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய கூட்டங்களில் மக்கள் அந்நிய பாஷை பேசியதாகவும் தீர்க்கதரிசனம் சொன்னதாகவும் பதிவுகள் இருக்கின்றன. அருளப்பன் வெள்ளைக்கார மிஷனின் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். இதைக் கண்டு அன்றைய மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் மிரண்டார்கள். இன்றும் ஆயர்களிடம் அந்த இரண்டு முகத்தையும் பார்க்கலாம்.

1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று 'தி பெந்தெகொஸ்தே மிஷன்' என்ற பெயரில் தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. வெள்ளை உடை, நகை இல்லாமை, மணம் செய்யாத ஊழியர்கள், மருந்தைவிட ஜெபத்தை நம்புவது என்று அதன் கட்டுப்பாடுகள் பிரசித்தம். எல்லா பெந்தெகொஸ்தே சபைகளும் இப்படி இல்லை. பாஸ்டர் டி.மோகன் 1973-ல் தொடங்கி இன்று பல்லாயிரம் பேர் கூடும் புது வாழ்வு ஏ.ஜி. சபை போன்ற பெரிய நகரச் சபைகளில் மருத்துவர்களும் ஐ.டி. ஊழியர்களும் நிறையவே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நாம் எல்லோரையும் 'அல்லேலூயா கோஷ்டி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அந்த வார்த்தை அவர்களைப் புண்படுத்தும் என்பதையும் யோசிப்பதில்லை.

தெளிப்பா, முழுக்கா?

சபைகளுக்கு நடுவே மிகப் பழைய சண்டை தண்ணீரில்தான். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம் மூன்றிலும் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. தலையில் மூன்று முறை தண்ணீர், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயர், புதுச் சட்டை, ஞானப்பெற்றோர், மதியம் விருந்து. வளர்ந்ததும் சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல், கத்தோலிக்கத்தில் உறுதிப்பூசுதல். கத்தோலிக்கத் தமிழில் ஞானஸ்நானத்தை இப்போது 'திருமுழுக்கு' என்கிறார்கள். பெயர்தான் முழுக்கு, ஊற்றுவது என்னவோ தலையில் மட்டும்!

பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. குழந்தையை ஜெபித்து 'பிரதிஷ்டை' செய்வார்கள். விவரம் தெரிந்த வயதில், தானே விசுவாசித்து, தொட்டியிலோ கடலிலோ முழுசாக மூழ்கி எழ வேண்டும். இயேசுவே யோர்தானில் மூழ்கித்தானே எழுந்தார் என்பது அவர்கள் கேள்வி. பிள்ளைகள் என்னிடம் வரத் தடை செய்யாதீர்கள் என்று அவர்தானே சொன்னார் என்பது இவர்கள் பதில். நெடுங்காலமாக இரண்டு பக்கமும் இதே வசனங்களை வைத்துத்தான் பேசுகிறார்கள். யாரும் யாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வீட்டுக்குள் அது சின்னதில்லை. 25 வயது மகள் முழுக்கு எடுக்கப் போகிறேன் என்றால், நீ எனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று அம்மாவிடம் சொல்வதாகத்தான் அர்த்தம். கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற ஞானப்பெற்றோர் பெரியப்பாவும் பெரியம்மாவுமாக இருப்பார்கள். அவர்களுக்கும் அது அவமானம்.

சபைச் சட்டமும் குறுக்கே வருகிறது. ஞானஸ்நானம் ஒருமுறைதான், திரும்ப எடுக்கக் கூடாது என்பது பழைய சபைகளின் உறுதியான நிலைப்பாடு. உலகத் திருச்சபைகளின் மன்றம் 1982-ல் வெளியிட்ட லிமா ஆவணமும் அதையே சொல்கிறது. கத்தோலிக்கத்துக்கு மாறி வரும் சி.எஸ்.ஐ.காரருக்குக்கூட மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பழையதே செல்லும். ஆனால், சி.எஸ்.ஐ. உறுப்பினர் ஒருவர் வெளியே போய் முழுக்கு எடுத்தால், பல சபைகளில் கமிட்டிப் பொறுப்பு போகும், சில இடங்களில் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரே போகும். அதனால் சத்தம் காட்டாமல் முழுக்கு எடுத்துவிட்டு, பண்டிகைக்கு மட்டும் பழைய கோயிலில் தலைகாட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆயர்களுக்கும் இது தெரியும். பலர் கண்டுகொள்வதில்லை.

தாலியும் லைசென்ஸும்

அடுத்த சண்டை நகையில். பவுலும் பேதுருவும் தங்கள் நிருபங்களில், பெண்கள் பொன்னாலும் பின்னலாலும் அல்லாமல் நற்குணத்தால் அலங்கரித்துக்கொள்ளச் சொன்னதைக் கண்டிப்பான சபைகள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கின்றன. பழைய சபைகள் அதை அந்தக் காலத்து அறிவுரையாகப் படிக்கின்றன. நகையைக் கழற்றுவது பக்திக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கழுத்தில் கிடப்பதை வைத்துத்தான் ஒரு பெண்ணுக்கு மரியாதை என்று இருக்கும் ஊரில், ஒன்றுமே போடாமல் எல்லோரும் ஒன்றாக உட்காரும் இடம் சிலருக்கு நிம்மதியாக இருக்கும். அடகுக் கடைக்கும் கடனுக்கும் நடுவே ஓடும் வீடுகளில் அந்த நிம்மதி இன்னும் அதிகம். அதே கட்டுப்பாடு, நகை போட விரும்பும் 18 வயதுப் பெண்ணுக்கு நிம்மதி தராது. அவள் கம்மலை பர்ஸில் வைத்துக்கொண்டு காலேஜ் வாசலில் மாட்டிக்கொள்வாள்.

கல்யாணம் என்று வந்தால் கேள்வி தாலிக்குப் போகும். சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யினரும் கட்டுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது கிடையாது. மாப்பிள்ளை வீடு ஒரு சபை, பெண் வீடு ஒரு சபை என்றால் எந்தக் கோயிலில், யார் நடத்துவது, தாலி உண்டா, பூ உண்டா என்று பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் ஓடும். கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரைக் கட்ட ஆயரின் அனுமதி வேண்டும். சி.எஸ்.ஐ.யில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். 'உங்க சபையில வாசிச்சாச்சா?' என்று இரு வீட்டாரும் ஃபோனில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

இங்கே பலரும் கவனிக்காத சட்ட விஷயம் ஒன்று உண்டு. 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் வழி அபிஷேகம் பெற்ற குருக்கள் தங்கள் சபை முறைப்படி திருமணம் நடத்தலாம். அப்படி அபிஷேகம் பெறாத மற்ற ஊழியர்களுக்கு அரசின் உரிமம் வேண்டும். மாடி சபை பாஸ்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் அவர் நடத்திய கல்யாணம் பிற்பாடு பாஸ்போர்ட், பென்ஷன், சொத்து என்று வரும்போது தலைவலியாகும். பத்திரிகை அடிக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் பாஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். உரிமம் உள்ளவர்கள் காட்டிவிடுவார்கள்.

பிரசங்க மேடையில் பெண்

சி.எஸ்.ஐ.யில் 1976-லேயே பெண் ஆயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை அதைச் செய்தது 1994-ல். 2013 செப்டம்பரில் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா பேராயரானார். இங்கிலாந்தின் முதல் பெண் பேராயர் லிபி லேன் பொறுப்பேற்றது 2015 ஜனவரியில். பிள்ளை தாயை முந்திக்கொண்டது என்று சொல்லலாம். இதை நம் ஊர் சி.எஸ்.ஐ. இளைஞர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பது சந்தேகம்தான்.

லுத்தரன் குடும்பத்திலேயே இரண்டு பாதைகள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் மரபில் வரும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை நெடுநாள் தயங்கிவிட்டு, இந்த நூற்றாண்டில் பெண்களுக்கு அபிஷேகம் கொடுத்தது. அமெரிக்காவின் மிசௌரி சினாட் வழியில் வந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை இன்றும் கொடுப்பதில்லை. இரண்டின் பெயரிலும் 'லுத்தரன்' இருப்பதால் பெண் பார்க்கும் படலத்தில் குழம்புபவர்கள் நிறைய.

கத்தோலிக்கத்தில் கதவு அடைத்தே இருக்கிறது. பெண்களைக் குருவாக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்று 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதினார். 2021-ல் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதற்கு மேல் நகரவில்லை.

பெந்தெகொஸ்தே பக்கம் நிலைமை விசித்திரமானது. சபையில் பெண்கள் முக்காடு போட வேண்டும். தலைமைப் பாஸ்டர் பதவி அநேகமாக ஆணுக்குத்தான். ஆனால் உபவாசக் கூட்டத்தில் சத்தமாக ஜெபிப்பது, தரிசனம் சொல்வது, சாட்சி சொல்வது, வீடு வீடாகப் போய் நோயாளிக்காக முழங்கால் போடுவது என்று மைக்கைப் பிடித்து நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், சி.எஸ்.ஐ. கோயிலில் 30 வருடம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், இங்கே ஆறே மாதத்தில் ஜெபக்குழுத் தலைவி ஆகிவிடுகிறார். சட்டத்தில் சமத்துவம் ஓரிடத்தில், மைக் இன்னோரிடத்தில்.

சி.எஸ்.ஐ.யிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பெண் ஆயர்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு. 'ஆயரம்மா' என்றால் ஆயரின் மனைவி என்றே பழகிப்போன சபையாருக்கு, அங்கியோடு வந்து நிற்கும் பெண் ஆயரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே தடுமாற்றம்.

கர்த்தரா, ஆண்டவரா?

தமிழில் இந்த இழுபறி மொழிக்குள்ளும் புகுந்திருக்கிறது. 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். கடவுள், ஆண்டவர், தூய ஆவி என்று இன்றைய தமிழ். கத்தோலிக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 1871-ம் ஆண்டின் பவர் மொழிபெயர்ப்பை விடவே இல்லை. தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி என்று சொன்னால்தான் அவர்களுக்கு ஜெபித்த மாதிரி இருக்கும். இதில் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் ஒரே அணி! பெண் ஆயரை ஏற்றுக்கொண்ட அதே சி.எஸ்.ஐ. பெரியவர், 'ஆண்டவர்' என்று வாசித்தால் முகம் சுளிப்பார்.

'தேவன்' என்பதே ஒரு காலத்தில் புதுச் சொல்தான். 18-ம் நூற்றாண்டில் வேப்பேரியில் இருந்து பைபிளை மொழிபெயர்த்த ஃபப்ரீஷியஸ் 'பராபரன்' என்றுதான் எழுதினார். அவரது மொழிபெயர்ப்பை அடுத்த தலைமுறை மிஷனரிகள் திருத்தக் கிளம்பியபோது கடுமையாக எதிர்த்தவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். கீர்த்தனைகளால் இன்றும் எல்லாச் சபைகளிலும் வாழ்பவர். அவருடைய எதிர்ப்பு மொழியோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தலில் பூவையும் மேளத்தையும் தடுக்கிறார்கள் என்பதும், சாதிப் பழக்கங்களை உடைக்கிறார்கள் என்பதும் அவரது புகார்ப் பட்டியலில் இருந்தன.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் தனித்தனி வரிசை கூடாது. தஞ்சாவூரிலும் இங்கே பக்கத்திலிருக்கும் வேப்பேரியிலும் உயர்சாதிக் குடும்பங்கள் பல சபையை விட்டு வெளியேறின. பலர் பின்னாளில், சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போன லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். மரபைக் காப்பாற்றியவர்கள் என்று பார்த்தால் சாஸ்திரியார் பக்கம் சாய்வோம். புளியந்தோப்பிலிருந்து பார்த்தால் அப்படிச் சாய முடியவில்லை. மில்லிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்த தலித் குடும்பங்களின் பேட்டை இது. அந்தத் திருவிருந்து வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள் யாருடைய தாத்தாக்கள் என்று சொல்லத் தேவையில்லை.

குருகுலமும் மாடி ஜெபக்கூட்டமும்

புளியந்தோப்பிலிருந்து சில கிலோமீட்டரில் கீழ்ப்பாக்கம் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அர்விந்த் நிர்மல் தலைமையில் தலித் இறையியலுக்குத் தனித் துறை தொடங்கிய இடம். இயேசுவைத் தலித்தாகப் பார்க்கச் சொன்ன சிந்தனை அங்கிருந்து உலகெங்கும் போனது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோஃபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். தாராளவாதக் கிறிஸ்தவம் தமிழ்நாட்டில் சாதித்தவற்றில் இவை முக்கியமானவை. வெறும் மேற்கத்திய இறக்குமதி என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களைச் சொன்னால் போதும்.

ஆனால் கானா பிறந்த பகுதியில் வாழும் தலித் கிறிஸ்தவர்கள் பலர், தங்களுக்காகவே எழுதப்பட்ட அந்த இறையியலைத் தேடிப் போகவில்லை. பறையை 'உலகத்துக்குரியது' என்று தள்ளிவைத்து, கீபோர்டும் டிரம் பேடுமாக நடக்கும் மாடி சபைக்குப் போனார்கள். ஏன் என்று கேட்டால் பதில் எளிமையானது. அங்கே பாஸ்டர் அதே தெருக்காரர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூடவே வருவார். மழையில் தண்ணீர் புகுந்தால் அவர் வீட்டிலும்தான் புகும். சி.எஸ்.ஐ. ஆயருக்குச் சில வருடங்களில் மாறுதல் வந்துவிடும், கமிட்டித் தேர்தல் வழக்குகள் வேறு. குடியை விடு, சூதாடாதே, சினிமா பார்க்காதே என்ற கண்டிப்பு வெளியே இருப்பவருக்கு மூச்சு முட்டும். கணவர் சம்பளத்தை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வரும் வீட்டில், அந்தக் கண்டிப்புதான் மாதக் கடைசியில் அரிசி வாங்குகிறது.

அதற்கு விலையும் உண்டு. தசமபாகம் என்று வருமானத்தில் பத்தில் ஒன்று. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பும் பெரியவர்கள். சொந்தக்காரர் வீட்டுப் பொங்கலுக்குப் போகக் கூடாது என்ற தடை. கேள்வி கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்ற பட்டம். இவற்றைக் கேள்வி கேட்க சி.எஸ்.ஐ.யில் கமிட்டியாவது இருக்கிறது. தனி நபர் தொடங்கிய சபையில், பாஸ்டருக்கு மேல் யாரும் இல்லை.

இரண்டு பக்கமும் பேசத் தயங்கும் விஷயம் ஒருபாலின உறவு. மேற்கில் சபைகளை இரண்டாகப் பிளந்த இதே கேள்வியை இங்கே இறையியல் கல்லூரிக் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள், ஞாயிறு பிரசங்கத்தில் பேசுவதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவைத் தளர்த்தியபோதும் அப்படித்தான். 2023 டிசம்பரில், ஒருபாலினத் தம்பதியை வழிபாட்டுச் சடங்கு இல்லாமல் குருவானவர் ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கான் சொன்னபோதும் அப்படித்தான். பெண் ஆயர் விஷயத்தில் கண்டிப்பான சபையோடு முரண்படும் சி.எஸ்.ஐ. குடும்பம்கூட, இதில் அந்தச் சபையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. வீட்டில் ஒரு பிள்ளை இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தால், எந்தச் சபையின் கதவைத் தட்டுவது என்று அவருக்குச் சொல்ல நம்மிடம் முகவரி இல்லை.

அடக்கத்துக்கு யார் வருவது?

கடைசியில் எல்லாம் கல்லறைக்குத்தான் வந்து சேர்கிறது. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் தலைமுறைகளாக அடக்கம் செய்யப்படுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரே திருவிருந்தில் கைநீட்ட முடியாதவர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் இட நெருக்கடி பழைய கதை. குடும்பக் கல்லறையையே திரும்பத் திறந்து அடக்கம் செய்கிறார்கள்.

இடம் கேட்டுப் போனால் சபைக் கடிதம் கேட்பது வழக்கம். இறந்தவர் எந்தச் சபை உறுப்பினர், ஞானஸ்நானம் எங்கே, சந்தா பாக்கி உண்டா? பத்து வருடம் மாடி சபைக்குப் போனவர் செத்தால், அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போக வாய்ப்புண்டு. பிணம் ஐஸ் பெட்டியில் இருக்க, பிள்ளைகள் பழைய ஆயர் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஆயர் நல்லவராக இருந்தால் கடிதம் தருவார். கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் இழுபறிதான். பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத்தில் முடியும்: வீட்டில் பாஸ்டர் ஜெபம் நடத்துவார், பாட்டு அவர்கள் பாட்டு. கல்லறையில் ஆயர் அங்கியோடு நின்று ஒழுங்குமுறைப் புத்தகத்திலிருந்து வாசிப்பார். மண் போடும்போது இரண்டு பேரும் சேர்ந்து போடுவார்கள்.

இதை ஒருமுறை பார்த்த குடும்பங்கள் உஷாராகிவிடுகின்றன. முழுக்கு எடுத்து, நகையைக் கழற்றி, வாரம் மூன்று நாள் மாடி சபைக்குப் போகிறவர்களிலும் சிலர், பழைய கோயிலின் சந்தாவை மட்டும் பாக்கி வைப்பதே இல்லை. ரசீதை பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.